இருபத்து நாலு தகர ஷீட்

புயல் கரையைக் கடந்த மறுநாள் உப்பளம் பகுதியில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. எங்கள் வீட்டு பிரிட்ஜ் கூடத்தில் மிதந்து வந்து கதவில் முட்டிக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். மூன்று நாள் மாடிப்படியில் உட்கார்ந்து, மேல்வீட்டுக்காரர்கள் கொடுத்த பன்னைத் தின்றுகொண்டு, நகராட்சியையும் வாய்க்காலையும் வருவோர் போவோரையும் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்து ஓய்வு பெற்றவளுக்கு வேறு எப்படி இருக்கும்? நாலாம் நாள் தண்ணீர் வடிந்தது. சேற்றைத் தள்ளி, பினாயில் ஊற்றிக் கழுவி முடித்து உட்கார்ந்தபோதுதான் மீன்காரி வரவில்லையே என்று உறைத்தது.

அவள் காலாப்பட்டுப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமத்துக்காரி. விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையோடு பஸ் ஏறி டவுனுக்கு வந்து, எங்கள் நாலு தெருவில் விற்றுவிட்டுப் போவாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம். புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. ஒரே பெண். மருமகனுக்கு சேதராப்பட்டில் கம்பெனி வேலை என்பதால் அங்கேயே வாடகை வீடு, அவன் அம்மாவும் உடன். அந்தப் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வளைகாப்பு முடிந்து, தாய்வீட்டுக்கு அழைத்து வர ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்திருந்தாள். அதற்கு முந்தின நாள் புயல் வந்துவிட்டது.

போன் போட்டால் அணைந்திருக்கிறது என்றே வந்தது. ஐந்தாம் நாள் வேறு யாருடைய போனிலிருந்தோ அவளே கூப்பிட்டாள்.

"கூர போய்ட்சி டீச்சரம்மா. செவுரு நிக்குது. மேல ஒண்ணுமில்ல, வானந்தான்."

"நீ எங்க படுத்துக்கறே?"

"ஸ்கூல்ல. எல்லாரும் அங்கதான். நான் எங்க வேணா படுப்பேன், அத வுடு. பொண்ண எங்க கூட்டியாறது? வூடு சரி பண்ணு, அனுப்பறேன்றா மாமியார்காரி. டாக்டரு பத்து பதினஞ்சு நாளுன்னு சொல்லிருக்குது."

இப்போதெல்லாம் பிள்ளை பிறப்பது பெரியாஸ்பத்திரியில்தான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் முதலில் போய் இறங்குகிற வீடு பெண்ணின் தாய்வீடாக இருக்க வேண்டும். முதல் பிள்ளைக்கு மட்டும்தான் அந்த உரிமை. அதற்காக அவள் ஒரு வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். புது பாய், வெந்நீர் போட பெரிய அலுமினிய குண்டான், பெருங்காயம், பூண்டு, சுக்கு. கல்யாணத்தைப் புருஷன் வீட்டு அண்ணன் தம்பிகள் முன்னால் நின்று நடத்தினார்களாம், இவளை ஓரமாக நிறுத்திவிட்டார்களாம். "இதாம்மா எனக்குன்னு இருக்கற ஒண்ணு. இதுல எவனும் முன்னால வந்து நிக்க முடியாது" என்று ஒரு நாள் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே சொன்னாள். ஆக, பத்து நாளைக்குள் அவள் வீட்டுக்கு மேல் ஒரு கூரை வேண்டும். எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து வீடு வீடாகப் போனோம். எங்கள் வீடுகளே நனைந்து கிடந்த நேரம். ஆனாலும் கொடுத்தார்கள். என்ன கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். ஒரு வீட்டில் ஜரிகை கிழிந்த பட்டுப்புடவை. இன்னொரு வீட்டில் அரை பாட்டில் ஹார்லிக்ஸ். ஒரு புண்ணியவான் கோட்டு சூட்டு கொடுத்திருந்தார், அதுவும் கல்யாணத்துக்குத் தைத்தது. "இத போட்டுக்கிட்டு அவங்க கட்டுமரத்துல போவாங்களா சார்?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டு வந்தேன். துணியெல்லாம் ஒரு மூலைக்குப் போனது.

கூரைக்கு வழி காட்டியவர் எதிர்வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் ஒரு சொல்தா. எண்பதைத் தாண்டியவர், இன்னமும் காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். நான் அவரை முசியே என்பேன், அவர் கேலியாக என்னை மதாம் என்பார். பிரான்சில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லி அவரே இருபத்து நாலு தகர ஷீட் வாங்கி இறக்கிவிட்டார். ஒரு வீட்டுக்கு எட்டு ஷீட் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். ஆகவே மூன்று வீடு. யாருக்கு நிஜமாகத் தேவையோ அவர்களுக்குத்தான் கொடுப்போம் என்று நான் தீர்மானம் போட்டேன். மீன்காரி வீடு ஒன்று. மற்ற இரண்டையும் அதே ஊரில், வாட்ஸப்பில் வந்த போட்டோ பார்த்து நாங்களே பொறுக்கினோம். அந்த ஊரில் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சின்ன லாரியில் ஷீட்டை ஏற்றிக்கொண்டு போனோம். நானும் சொல்தாவும் டிரைவர் பக்கத்தில். கிராமத்துக்குள் நுழைகிற இடத்தில் வலை பின்னுகிற கூடம் இருக்கிறது. அங்கே ஊர்த் தலைவரும் பஞ்சாயத்தார் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் எழுந்து வந்து கும்பிட்டார். மரியாதையான மனிதர்தான்.

"எதுவா இருந்தாலும் இங்க பொதுவுல எறக்கிடுங்க டீச்சர். தலைக்கட்டுக்கு சமமா போவும். அதான் எங்க ஊரு கட்டு."

கல்யாணமான ஓர் ஆண் ஒரு தலைக்கட்டு. ஊர் வரி அவர் கொடுக்கிறார். திருவிழாவானாலும் நிவாரண அரிசியானாலும் அவர் பேருக்குத்தான் பங்கு. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எத்தன தலைக்கட்டு இருக்கு?"

"தொண்ணூத்தாறு."

"இருபத்து நாலு ஷீட்டு, தொண்ணூத்தாறு தலைக்கட்டு. அப்ப ஆளுக்குக் கால் ஷீட்டு. மழை வந்தா அத தலைமேல புடிச்சிக்கிட்டு நிப்பீங்களா?"

உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. தலைக்கட்டுப் பேரெல்லாம் எழுதி வைத்திருந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். மீன்காரி பேர் அதில் இல்லை.

"அவ பேரு எங்க?"

"கட்டனவன் போனப்பறம் பேரு எடுத்துடறது வழக்கம். நீங்க மொதல்ல எறக்குங்க டீச்சர். அப்புறம் எங்களுக்குள்ள பேசிக்கறோம்."

எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம் என்றால் என்ன அர்த்தம்? எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம், நீ போனதும் நாங்கள் முழுங்கிவிடுவோம் என்பதுதான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. விதவை என்றால் அவளுக்கு மழை பெய்யாதா, அவள் உங்கள் கரையில் மீன் வாங்குகிறாளா இல்லையா, பெண்ணுக்கு இது ஒன்பதாம் மாதம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். தலைவர் கையைத் தூக்கி என்னவோ சொல்ல வந்தார். நான் லாரியில் ஏறி, "வண்டிய எடுப்பா" என்று விட்டேன்.

மீன்காரியின் வீட்டு வாசலில் எட்டு ஷீட்டை இறக்கினோம். அவள் ஓடி வந்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், கூடத்துப் பக்கம் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.

"வேணாம்மா. அங்கியே எறக்கிடு. நான் சொல்றத கேளு."

"நீ சும்மா இரு. உனக்குப் பேசத் தெரியல, அதனாலதான் உன்ன ஏமாத்தறாங்க."

மற்ற இரண்டு வீட்டில் ஆளே இல்லை. மிச்சம் பதினாறு ஷீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து சொல்தா வீட்டு வாசலில் அடுக்கினேன். வழியெல்லாம் எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து இறங்கும்போது சொல்தா, "மதாம், அவங்க ஊரு அது" என்றார். வயதானவர், பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் மீன்காரி வந்தாள். கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள், கூடையில் கொஞ்சம் மத்தி இருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள், குடித்தாள். கூரை போட்டாகிவிட்டதா என்று நான் கேட்டேன்.

"யாரு போடறது?" என்றாள்.

ஷீட் வந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். சவுக்குக் கழி நட வேண்டும், குறுக்கே கட்ட வேண்டும், ஷீட்டைத் தூக்கிப் பிடிக்க நாலு ஆள், மேலே ஏறி ஆணி அடிக்க இரண்டு ஆள். அந்த ஊரில் கூரையேற்றுவதற்குக் கூலிக்கு ஆள் வைப்பது கிடையாது. ஊர் ஆண்கள்தான் வந்து கை கொடுப்பார்கள், டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தால் போதும். இவள் வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. யாரும் சண்டை போடவில்லை, யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. கூப்பிட்டால் ஆளாளுக்கு ஒரு வேலை இருந்தது. காசு கொடுத்து வெளியாளைக் கூப்பிடலாம் என்றேன்.

"ஊருக்குள்ள எவன் வந்து ஏறுவான்? ஏறினா நான் அப்புறம் அங்க இருக்கத்தான் முடியுமா?" என்றாள். பிறகு குரல் மாறிவிட்டது. "உன்ன நான் கேட்டனா டீச்சரம்மா? ஊருகிட்ட நான் பேசி வெச்சிருந்தேன். மொதல்ல எந்த ஷீட்டு வந்தாலும் எம் பொண்ணுக்குன்னு வுட்டுக்குடுக்கறதா எல்லாரும் ஒத்துக்கினு இருந்தாங்க. பொதுவுல எறங்கியிருந்தா மறுநாளே ஏறியிருக்கும். உன் கோவத்த நீ எறக்கி வெச்சிட்டு வண்டி ஏறிட்ட. அது எம் வாசல்ல மண்ணுல கெடக்குது."

பன்னிரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். பதினாறு ஷீட்டையும் கொண்டுவந்து கூடத்தில் இறக்கி, வாசலில் கிடக்கிற எட்டையும் நானே ஆள் வைத்து அங்கே கொண்டுபோய் வைத்து, ஊருக்குக் கொடுத்தோம் என்று கொடுத்தவர் வாயால் சொல்ல வேண்டுமாம். "இன்னைக்கே வா" என்றாள். நான் பார்க்கலாம் என்றேன்.

போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரோஷம். நல்லது செய்யப் போய் நான் எதற்கு அந்த ஆண்கள் முன்னால் தலை குனிந்து நிற்க வேண்டும்? புதன்கிழமை சாயங்காலம் லாரிக்காரர் கிடைக்கவில்லை என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நான் போன் போட்டால்தானே அவர் கிடைப்பார்? வியாழக்கிழமை தலைவலி என்று படுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் சொல்தா கோலை ஊன்றிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். லாரியை அவரே சொல்லிவிட்டாராம், மூன்று மணிக்கு வருமாம். "நீ வரலன்னா நான் மட்டும் போறன். எனக்கு மண்டி போட்டும் பழக்கம் இருக்கு" என்றார்.

போனோம். மீன்காரி ஊரில் இல்லை. பெண்ணுக்கு வியாழக்கிழமையே வலி எடுத்து ராத்திரி பிள்ளை பிறந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். பதினைந்து நாள் என்று சொல்லியிருந்தார்களே என்று அவளிடமே நான் சண்டைக்குப் போனேன். அவள் என்ன செய்வாள்.

கூடத்தில் இருபத்து நாலு ஷீட்டையும் அடுக்கினோம். "ஊருக்குத்தான் குடுக்கறோம். அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்று சொன்னேன். தலைவர் ஷீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க எங்க பேச வுட்டீங்க?"

"லிஸ்ட்ல அவ பேரு இல்லயே?"

"லிஸ்ட்ல இல்ல. அதுக்காவ ஊர்ல இல்லன்னு ஆயிடுமா? எங்க பங்குன்னு ஒண்ணு இருந்தாத்தான் நாங்க அத வுட்டுக்குடுக்க முடியும். நீங்க எங்களுக்குன்னே குடுக்கல, அப்புறம் நாங்க எத்த குடுக்கறது?"

எனக்குப் பதில் இருந்தது. பேர் இருந்தால் அவள் யாரிடமும் போய்ப் பேசி வைக்க வேண்டியிருக்காதே என்று கேட்டிருக்கலாம். அந்த நோட்டு இன்னமும் எனக்குப் பிடிக்கவில்லை, அதில் நான் மாறவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டியது கூரை. வாயை மூடிக்கொண்டேன். கோயில் மைக்கில் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டார்கள். முதல் எட்டு மீன்காரிக்கு. மற்ற இரண்டு வீடு நாங்கள் பொறுக்கியவை அல்ல. நாங்கள் போட்டோ பார்த்து, பாவம், மிகவும் ஏழை என்று உச்சுக்கொட்டிய ஒரு வீடு, வீடே இல்லையாம். ஒருத்தர் பழைய வலை போட்டு வைக்கிற கொட்டகையாம். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சொல்தாவும் சேர்ந்து சிரித்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் முதல் பஸ்ஸில் போய்விட்டேன். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்தவர்தான் மேலே ஏறினார். கழி நட்டு, கட்டி, ஷீட்டை ஏற்றி, ஆணிக்கு அடியில் ரப்பர் வைத்து அடித்தார்கள். காற்றில் பறக்காமல் இருக்க மேலே மணல் மூட்டையும் பழைய கயிறும் போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானும் உள்ளே மண்ணைக் கூட்டி, சாணி தெளித்து, புதுப் பாயை விரித்துக் காய வைத்தோம். குண்டானைத் தேய்த்து அடுப்புப் பக்கத்தில் கவிழ்த்தேன். பதினொன்றரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. ஒரு முழு காலை வேலைகூட இல்லை அது.

பன்னிரண்டு மணி இருக்கும். மீன்காரி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். கையில் ஒயர் கூடை, அதில் பிளாஸ்க்கும் மடித்த புடவையும். பின்னால் ஆட்டோ வருகிறதா என்று நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்று அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"நல்லா போட்டிருக்காங்க" என்றாள்.

"புள்ள எங்க?"

"ஆம்பளப் புள்ள. ரெண்டே முக்கா கிலோ." கூடையைக் கீழே வைத்தாள். "காலைல ஆஸ்பத்திரில பேரு வெட்டி அனுப்பிட்டாங்க. சேதராப்பட்டுக்கு ஏத்தினு போய்ட்டாங்க."

"இங்கதானே வரணும்?"

"மாமியார்காரி வியாழக்கெழம காலைல வந்து பாத்துட்டுப் போனா. ஷீட்டு மண்ணுல கெடக்குது, வூட்டுக்குள்ள வெயிலு அடிக்குது. பச்சப் புள்ளய இங்க எப்பிடி வுடுவா? அவ மேல தப்பு இல்ல."

வியாழக்கிழமை காலையில் நான் தலைவலி என்று கட்டிலில் படுத்திருந்தேன். புதன்கிழமை அவள் கூப்பிட்டபோதே வந்திருந்தால், அந்த மாமியார் வந்து பார்த்த நேரத்தில் கூரை ஏறிக்கொண்டிருந்திருக்கும். அதை யாரும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. எனக்கே தெரிந்தது.

"நாளைக்கு நான் வரேன். ரெண்டு பேரும் போய்க் கூட்டிட்டு வந்துடலாம்" என்றேன்.

"மொத நாளு போயி எறங்கின வூட்ட வுட்டு முப்பது நாளு புள்ளய எடுக்கமாட்டாங்க. அப்புறம் வருவா. வந்து நாலு நாளு இருப்பா." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அது விருந்தும்மா. தலப்பிரசவம் ஆவாது."

கூரையேற்றியவர்கள் ஒவ்வொருவராக வந்து, விஷயம் தெரிந்து சுற்றி நின்றார்கள். ஏணியை யாரோ ஓசையில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"என் மேல கோவமா இருக்கியா?" என்று கேட்டேன்.

"இருக்குது டீச்சரம்மா. இல்லன்னு சொன்னா பொய்யி." உள்ளே போய், நான் கவிழ்த்து வைத்த குண்டானை எடுத்தாள். அதை நிமிர்த்தி, அதிலேயே தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். "கூரையேத்தினவங்க நிக்கறாங்க, டீ போடணும். நீ டம்ளர கழுவு" என்றாள்.

நான் போய்க் கழுவினேன்.